ஊதா மாறாவிட்டால் என்ன செய்வது? பிறந்த குழந்தைக்கு மூச்சுக் கொடுக்கும்போது காபனீரொட்சைட்டைப் பார்ப்பது பற்றி

வாசகர் கடிதம்:

யாழ். குடாநாட்டில் உள்ள ஒரு வைத்தியசாலையின் பிரசவ விடுதியில் தாதிய உத்தியோகத்தராக வேலை செய்கிறேன். குழந்தையின் மூச்சுக்குழாய்க்குள் விடும் ரியூப்புக்கும் அம்பு பாக்குக்கும் (கையால் அமுக்கி மூச்சுக் கொடுக்கும் பை) நடுவில் பூட்டுகிற, வெளிமூச்சுப் பட்டால் ஊதாவிலிருந்து மஞ்சளாக நிறம் மாறும் காபனீரொட்சைட்டு டிடெக்டர் எங்களுக்கும் கொஞ்சம் வந்திருக்கிறது. எனக்கு நாலு சந்தேகம். ஒன்று, இதை மாஸ்க்கிலும் பூட்டலாமா? ஒருநாள் பூட்டியபோது அரை நிமிடத்துக்கு ஊதாவாகவே நின்றது, ஆனால் இதயத் துடிப்பு ஏறிக்கொண்டே வந்தது. இரண்டு, இன்னொரு குழந்தைக்கு ரியூப் போட்டபின் நிறம் மாறவே இல்லை. துடிப்பு இருந்தது, நெஞ்சு எழும்பியது, இரண்டு பக்கமும் சத்தம் கேட்டது. "டிடெக்டர் பழுது" என்று ஒருவர், "ரியூப் பிழை" என்று மற்றவர். இரண்டு நிமிடத்துக்குப் பிறகு கழற்றித் திரும்பப் போட்டபோதுதான் மஞ்சளானது. மூன்று, ஒருமுறை மஞ்சளாகியது திரும்ப ஊதாவுக்கு வரவேயில்லை. நாலு, கையிருப்புக் குறைவு. கழுவி எடுத்துப் பாவிக்கலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் இரண்டாவது கேள்வியை முதலில் எடுக்கிறேன். மற்ற மூன்றும் கொஞ்சம் பொறுக்கும், இது பொறுக்காது.

ரியூப் போட்டு எட்டுப் பத்து மூச்சுக் கொடுத்த பிறகும் நிறம் ஊதாவாகவே நின்றால், ரியூப் வாதனாளியில் (மூச்சுக்குழாயில்) இல்லை, களத்துக்குள் (உணவுக் குழாய்க்குள்) போய்விட்டது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். டிடெக்டர் பழுது என்ற எண்ணம் ஆகக் கடைசியில் வர வேண்டியது. அன்றைக்கு நெஞ்சு எழும்பியதாகத் தெரிந்ததும் இரண்டு பக்கமும் சத்தம் கேட்டதும் உங்களில் எவருடைய கவனக் குறைவும் இல்லை. பிறந்த குழந்தையின் உடம்பு அவ்வளவு சின்னது. வயிற்றுக்குள் காற்றுப் போகும் சத்தம் இரண்டு அக்குளிலும் கேட்கும். வயிறு உப்பும்போது கீழ் நெஞ்சும் சேர்ந்து எழும்பும். ரியூப்பின் உட்பக்கத்தில் நீராவி படிவதும் களத்தில் இருக்கும்போது நடக்கக் கூடியதே. அதனால்தான் ரியூப் எங்கே இருக்கிறது என்று தீர்மானிக்க இதயத் துடிப்பு ஏறுவதையும், வெளிமூச்சில் காபனீரொட்சைட்டு வருவதையும் முதன்மையான அடையாளங்களாக வைத்திருக்கிறார்கள். காதும் கண்ணும் அவற்றுக்குத் துணை.

அந்த நேரத்தில் செய்ய வேண்டியது இதுதான். லறிஞ்சஸ்கோப் (தொண்டைக்குள் பார்க்கும் விளக்குக் கருவி) இன்னும் கையில் இருந்தால் ஒரே ஒரு தடவை உள்ளே பாருங்கள். குரல் நாண்களுக்கு நடுவால் ரியூப் போவது ஐயமில்லாமல் தெரிந்தால் வைத்திருக்கலாம். தெரியவில்லை, அல்லது பார்ப்பவர் "இருக்கும் போலத்தான்" என்று இழுத்தால், கழற்றிவிட்டு மாஸ்க்கால் மூச்சுக் கொடுங்கள். மாஸ்க்கால் நன்றாக மூச்சுப் போகும் குழந்தை, அடுத்த முயற்சிக்கு ஆள் வரும்வரை தாக்குப்பிடிக்கும். களத்தில் ரியூப்புடன் கிடக்கும் குழந்தைக்கு ஒரு மூச்சுக்கூடப் போய்ச் சேராது, அதோடு வயிறும் உப்பி நுரையீரலை மேலே தள்ளும். ரியூப் போடும் ஒவ்வொரு முயற்சியும் 30 செக்கனுக்குள் முடிய வேண்டும் என்ற கணக்கையும் மறக்க வேண்டாம்.

ஒரேயொரு பெரிய விதிவிலக்கு உண்டு. இதயம் துடிக்காமல் இருந்தாலோ மிக மெதுவாகத் துடித்தாலோ, ரியூப் சரியான இடத்தில் இருந்தும் நிறம் மாறாமல் போகலாம். காபனீரொட்சைட்டை நுரையீரலுக்குக் கொண்டுவருவது இரத்தம். இரத்தம் ஓடாவிட்டால் வெளியே வர எதுவும் இல்லை. அப்படியான குழந்தையில் ஊதாவை மட்டும் வைத்துக் கழற்றினால் சரியாக இருந்த ரியூப்பை இழந்துவிடுவீர்கள். அங்கே லறிஞ்சஸ்கோப்பால் நேரே பார்ப்பதுதான் வழி. ஆனால் உங்கள் கடிதத்தில் உள்ள குழந்தைக்குத் துடிப்பு இருந்தது. துடிப்பு உள்ள குழந்தையில் ஊதா என்றால் ரியூப் பிழை என்ற பக்கம்தான் தராசு சாயும்.

இனி இந்தச் சின்னப் பெட்டி எதைப் பார்க்கிறது என்று விளங்கிக்கொண்டால், மற்றக் கேள்விகளுக்கு விடை தானாக வரும்.

உள்ளே இருப்பது மெற்றாகிரெசோல் பேர்ப்பிள் என்ற காட்டி ஊறிய கடதாசி. பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் பார்த்த பாசிச்சாயத் தாளின் உறவு. வெளிமூச்சில் வரும் காபனீரொட்சைட்டு அந்தக் கடதாசியின் ஈரத்தில் கரைந்து மெல்லிய அமிலமாகும்போது ஊதா மஞ்சளாகிறது. உள்மூச்சில் புதுக்காற்று வந்ததும் திரும்ப ஊதாவாகிறது. மின்சாரமும் வேண்டாம், பற்றரியும் வேண்டாம். நம் பகுதியில் பரவலாகத் தெரிந்த பெடி-கப் வகையில் 4 மில்லிமீற்றர் இரச அழுத்தத்துக்குக் குறைவென்றால் ஊதா, 4 முதல் 15 வரை மங்கிய மண்ணிறம், 15 அல்லது அதற்கு மேலென்றால் மஞ்சள். ஓரத்தில் அச்சிட்டிருக்கும் நிறப் பட்டையோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

அந்தக் காபனீரொட்சைட்டு எங்கிருந்து வருகிறது? கருப்பையில் குழந்தையின் நுரையீரல் நீரால் நிறைந்திருக்கிறது. பிறந்தவுடன் முதல் மூச்சுகளோடு அந்த நீர் சிற்றறைச் சுவருக்குள் தள்ளப்பட்டுக் காற்று இடம்பிடிக்கிறது. காற்று இடம்பிடித்தவுடன் நுரையீரலுக்கான இரத்த ஓட்டமும் கூடுகிறது. இரத்தம் கொண்டுவரும் காபனீரொட்சைட்டு, காற்றுள்ள சிற்றறைக்குள் மட்டுமே வெளியேற முடியும். தொண்டையிலும் வாதனாளியிலும் மட்டும் போய்த் திரும்பும் காற்று வெறும் காற்றாகவே திரும்பும். ஆக, நிறம் மாறுகிறது என்றால் மூன்று விடயம் ஒன்றாக நடக்கிறது: வழி திறந்திருக்கிறது, காற்றுச் சிற்றறைவரை போயிருக்கிறது, இரத்தம் அங்கே ஓடுகிறது. அவுஸ்திரேலியாவின் மெல்பனில் ஸ்ருவேட் ஹூப்பர் குழுவினர் 2013இல் வெளியிட்ட ஆய்வு இதையே காட்டியது. நுரையீரலில் காற்று நிறைய நிறைய வெளிமூச்சில் காபனீரொட்சைட்டும் கூடிக்கொண்டு போனது. அம்பு பாக்கை அமுக்கும் கைக்கு இது தெரியாது. பாக் அமுங்கினால் காற்று எங்கேயோ போனது என்றுதான் அர்த்தம். மாஸ்க்கின் ஓரத்தால் போயிருக்கலாம், வயிற்றுக்குள் போயிருக்கலாம். திரும்பி வரும் காற்றுத்தான் எங்கே போய் வந்தது என்று சொல்லும்.

உங்கள் முதலாவது கேள்விக்கு இப்போது வருவோம். மாஸ்க்கிலும் பூட்டலாம். குறைமாதக் குழந்தைகளில் மாஸ்க்கால் மூச்சுக் கொடுக்கும்போது காற்று வழி அடைபடுவது சர்வசாதாரணம் என்பதை 2006இலும் 2009இலும் வெளிவந்த அமெரிக்க ஆய்வுகள் இந்த டிடெக்டரை மாஸ்க்கில் வைத்தே காட்டின. கழுத்து மடிந்திருக்கும், அல்லது நாக்கு அண்ணத்தோடு ஒட்டியிருக்கும், அல்லது மாஸ்க்கை அளவுக்கு மிஞ்சி அழுத்தி மூக்கை மூடிவிட்டிருப்போம். வெளியில் எல்லாம் சரி போலவே தெரியும். நிறம் மட்டும் மாறாது. பெரும்பாலும் இதயத் துடிப்பு ஏறுவதற்கு முன்னமே நிறம் மாறிவிடுவதால், கைக்குக் கெதியாகக் கிடைக்கும் முதல் செய்தி அது.

இங்கே ஒன்றை நேராகச் சொல்ல வேண்டும். உலகளாவிய புத்துயிர்ப்பு வழிகாட்டல்களை ஆராயும் இல்கோர் அமைப்பு, மாஸ்க்கால் மூச்சுக் கொடுக்கும்போது இந்தக் கருவியைக் கட்டாயம் பாவியுங்கள் என்றோ பாவிக்க வேண்டாம் என்றோ சொல்லும் அளவுக்குச் சான்று போதாது என்று 2023இல் எழுதியது. ரியூப்பில் அதன் இடம் உறுதியானது, மாஸ்க்கில் அது துணை மட்டும். ஆகவே உங்கள் விடுதியின் குழந்தை வைத்திய நிபுணரோடு பேசி, எந்தக் குழந்தைக்கு மாஸ்க்கில் பூட்டுவது என்று ஒரு முடிவு எடுத்து வையுங்கள். என் கருத்தைக் கேட்டால், கையிருப்புக் குறைவான இடத்தில் ஒவ்வொரு மாஸ்க்குக்கும் ஒன்று திறக்கத் தேவையில்லை. 15 செக்கன் மூச்சுக் கொடுத்தும் துடிப்பு ஏறவில்லை, நெஞ்சு எழும்புகிறதா என்பதும் சரியாகத் தெரியவில்லை என்ற குழந்தைக்குத் திறவுங்கள். ரியூப்புக்கென்று ஒன்று எப்போதும் மிஞ்சியிருக்க வேண்டும்.

நீங்கள் கண்டது, ஊதாவாக நிற்கத் துடிப்பு ஏறியது, எப்படி நடக்கும்? பெரும்பாலும் மாஸ்க் ஓரத்துக் கசிவு. உள்ளே போகும்போது போதிய காற்றுப் போய்விடும், வெளியே வரும்போது அது டிடெக்டர் வழியே வராமல் மாஸ்க்கின் ஓரத்தால் நழுவிவிடும். கடதாசிக்குச் செய்தி எட்டாது. முதல் சில மூச்சுகளில் நுரையீரல் இன்னும் நீரோடு இருப்பதாலும் நிறம் வராது, அது இயல்பு. இப்படி வரும்போது துடிப்பையே நம்புங்கள். துடிப்பு ஏறுகிறது என்றால் மூச்சுப் போகிறது. கொடுப்பதை நிறுத்த வேண்டாம், மாஸ்க்கை மட்டும் திரும்ப இருத்துங்கள்.

துடிப்பும் ஏறவில்லை, நிறமும் ஊதா என்றால் ஒன்றன்பின் ஒன்றாகத் திருத்திக்கொண்டு போக வேண்டும். முதலில் மாஸ்க்: மூக்கு, வாய், நாடி நுனி மூன்றையும் மூட வேண்டும், கண்ணில் ஏறக் கூடாது. நிறைமாதக் குழந்தைக்குப் பொதுவாக 1ஆம் இலக்கம், சின்னக் குழந்தைக்கு 0 அல்லது 00. மாஸ்க்கைக் கீழே அமுக்குவதைவிடத் தாடையை மாஸ்க்குக்குள் தூக்கிக் கொடுப்பதே கசிவை நிறுத்தும். அடுத்தது தலை: மணக்கிற நிலை, அதாவது மூக்கு முகட்டைப் பார்க்க வேண்டும். பின்னந்தலை பெரிதாக இருக்கும் குழந்தைக்குத் தோளுக்குக் கீழே மடித்த துவாய் ஒன்று வைத்தால் கழுத்துத் தானாக நிமிரும். இவை இரண்டையும் செய்து ஐந்து மூச்சுக் கொடுத்துப் பாருங்கள். இன்னும் ஊதா என்றால் வாயையும் பிறகு மூக்கையும் உறிஞ்சி, வாயைச் சற்றுத் திறந்து, திரும்ப ஐந்து மூச்சு. அதுக்கும் மாறாவிட்டால் அழுத்தத்தைக் கூட்டுங்கள். 20 முதல் 25 சென்ரிமீற்றர் நீரழுத்தத்தில் தொடங்கியிருப்பீர்கள். ஒவ்வொரு தடவையும் 5 முதல் 10 வரை கூட்டலாம், நிறைமாதக் குழந்தைக்கு உச்சம் 40. அதிலும் வராவிட்டால் ரியூப் அல்லது லறிஞ்சியல் மாஸ்க் (தொண்டைக்குள் குரல்வளை வாசலில் வைப்பது). இந்தப் படிகளில் எந்த இடத்தில் மஞ்சள் எட்டிப் பார்க்கிறதோ அங்கேயே நின்று, 30 செக்கன் அதே கை நிலையோடு, நிமிடத்துக்கு 40 முதல் 60 என்ற வேகத்தில் கொடுங்கள். அதன்பிறகு துடிப்பைப் பாருங்கள்.

இதில் அடிக்கடி பிழைக்கும் இடம், மஞ்சளைக் கண்ட சந்தோஷத்தில் கை நிலையை மாற்றிவிடுவது. கையைக் கொஞ்சம் தளர்த்தியதும் திரும்ப ஊதா. கருவியின் பெறுமதியே இங்கேதான்: கை நழுவிய அதே கணத்தில் அது காட்டிக்கொடுக்கிறது.

பூட்டும் இடத்தையும் சொல்லிவிடுகிறேன். அம்பு பாக்கில் வெளிமூச்சு வெளியேறும் வால்வு, நோயாளர் பக்கத்து முனையில் இருக்கிறது. டிடெக்டர் அந்த வால்வுக்கும் மாஸ்க்குக்கும் (அல்லது ரியூப்புக்கும்) நடுவில் இருக்க வேண்டும். ரீ-பீஸ் (பாக்குக்குப் பதிலாக அழுத்தத்தோடு மூச்சுக் கொடுக்கும் கருவி) என்றாலும் அப்படியே, ரீ-பீஸின் முனைக்கும் மாஸ்க்குக்கும் நடுவில். பாக்கின் பின்பக்கத்தில் பூட்டினால் புதுக்காற்றை மட்டும் பார்த்துக்கொண்டு எப்போதும் ஊதாவாகவே நிற்கும். இணைப்பு 15 மில்லிமீற்றர். இலேசாகத் திருகி இறுக்குங்கள், வெறுமனே செருகினால் பாரத்தில் கழன்றுவிடும். மாஸ்க்கின் மேலே ஒரு பெட்டி கூடுதலாக ஏறுவதால் அது ஒரு பக்கமாகச் சாய்ந்து கசிவு கூடும். இரண்டு பேர் இருந்தால் ஒருவர் இரு கையாலும் மாஸ்க்கைப் பிடிக்க மற்றவர் பாக்கை அமுக்குவது நல்லது.

நிறையையும் கவனியுங்கள். பெடி-கப் 1 கிலோவிலிருந்து 15 கிலோவரை என்று பொதியிலேயே எழுதியிருக்கும். அதன் வெற்றிடம், அதாவது உள்ளே காற்றுத் தங்கும் இடம், ஏறத்தாழ 3 மில்லிலீற்றர். 900 கிராம் குழந்தையின் ஒரு மூச்சே 4 முதல் 5 மில்லிலீற்றர் அளவுதான் என்று நினைத்துப் பாருங்கள். பழைய காற்று அந்த 3 மில்லிலீற்றருக்குள் தங்கித் திரும்ப உள்ளே போகும். மிகச் சின்னக் குழந்தைகளுக்கென்று வெற்றிடம் குறைந்த வகை இருக்கிறது, கிடைத்தால் அதையே கேளுங்கள். கிடைக்காத இடத்தில், ரியூப்பின் இடத்தை உறுதிசெய்யச் சில மூச்சுகளுக்கு மட்டும் பூட்டி, மஞ்சளைக் கண்டதும் கழற்றிவிட வேண்டும்.

மூன்றாவது கேள்வி, மஞ்சளில் உறைந்துபோவது. சரியாக வேலை செய்யும் டிடெக்டர் மூச்சுக்கு மூச்சு மாற வேண்டும்: வெளியே வரும்போது மஞ்சள், உள்ளே போகும்போது ஊதா. உறைந்த மஞ்சள் எந்தச் செய்தியும் சொல்லாது, அதை "ரியூப் சரி" என்று வாசிப்பது ஆபத்து. காரணம் கிட்டத்தட்ட எப்போதும் அமிலம் அல்லது ஈரம். வயிற்று அமிலம் ரியூப்பால் மேலே ஏறியிருக்கலாம் (அப்படியென்றால் ரியூப் களத்தில் இருக்கிறது என்ற சந்தேகமும் சேர்ந்தே வர வேண்டும்). ரியூப் வழியாக அட்ரினலின் கொடுத்திருக்கலாம், அந்த மருந்துக் கரைசல் அமிலத் தன்மை உள்ளது. சேர்பக்ரன்ற் (சிற்றறைகளைத் திறந்து வைக்கும் மருந்து) கொடுத்திருக்கலாம். நுரையீரல் நீரோ சளியோ தெறித்திருக்கலாம். ஆகையால் ரியூப் வழியே எந்த மருந்து போக முன்னும் டிடெக்டரைக் கழற்றுங்கள். ஈரம் ஏறிய டிடெக்டர் மூச்சுக்குத் தடையாகவும் மாறும், பாக் இறுக்கமாகத் தெரியும். அந்த நேரத்தில் காரணத்தை ரியூப்பில் தேடிக்கொண்டு நிற்காமல் முதலில் டிடெக்டரைக் கழற்றிப் பாருங்கள்.

மங்கிய மண்ணிறத்தில் நின்றால்? இடைப்பட்ட நிலை. இன்னும் ஆறேழு மூச்சுக் கொடுங்கள். பாக்கால் வயிற்றுக்குள் தள்ளிய காற்றில் கொஞ்சம் காபனீரொட்சைட்டு இருந்தால் முதல் இரண்டொரு மூச்சில் மண்ணிறம் காட்டிப் பிறகு ஊதாவுக்குப் போய்விடும், அப்போது ரியூப் களத்தில். போகப்போக மஞ்சளை நோக்கி வந்தால் நுரையீரல் திறந்துகொண்டு வருகிறது, அல்லது இதயம் வலுப்பெற்றுக்கொண்டு வருகிறது.

மஞ்சள் சொல்லாத விடயங்களையும் எழுதியாக வேண்டும், ஏனென்றால் மஞ்சளைக் கண்டு அடங்கிவிடுவதால் நேரும் பிழைகளும் உண்டு. ரியூப் மிக ஆழமாகப் போய் வலது மூச்சுக்குழாய்க் கிளைக்குள் இருந்தாலும் மஞ்சள்தான். அதைப் பிடிக்க இரண்டு பக்கத்துச் சத்தத்தையும் ஒப்பிட வேண்டும், உதட்டில் உள்ள சென்ரிமீற்றர்க் குறியைப் பார்க்க வேண்டும். நிறையோடு 6ஐக் கூட்டுவது பழகிய கணக்கு: 3 கிலோக் குழந்தைக்கு 9, 1 கிலோவுக்கு 7. மிகச் சின்னக் குழந்தையில் இந்தக் கணக்கு ஆழமாகக் காட்டக் கூடும் என்பதால், மூக்கின் நடுச்சுவர் அடியிலிருந்து காதின் முன் குமிழ்வரை அளந்து 1 கூட்டும் முறை நல்லது. நெஞ்சுக் கூட்டுக்குள் காற்றுக் கசிந்திருந்தாலும் மஞ்சள் தொடரலாம்.

அதைவிட முக்கியமானது: காபனீரொட்சைட்டு எவ்வளவு என்று மஞ்சள் சொல்லாது. இரத்தத்தில் அது 30 மில்லிமீற்றர் இரச அழுத்தம் இருந்தாலும் 70 இருந்தாலும் ஒரே மஞ்சள்தான். அளவுக்கு மீறி வேகமாக, பலமாக அமுக்கினால் காபனீரொட்சைட்டுக் கீழே போகும், அது மூளைக்கான இரத்த ஓட்டத்தைச் சுருக்கும். குறைமாதக் குழந்தையின் மூளைக்கு அது கெடுதல் செய்யும் என்று தெரிந்தே இருக்கிறது. மஞ்சள் அழகாக வருகிறதென்று நிமிடத்துக்கு 80, 90 என்று அமுக்கிக்கொண்டிருப்பவரைக் கண்டால் கையைப் பிடித்து நிறுத்துங்கள். ரியூப்பின் இடம் உறுதியாகிக் கட்டியதும் டிடெக்டரின் வேலை முடிந்தது. அதன்பிறகு இரத்த வாயுப் பரிசோதனை, எக்ஸ்றே, ஒக்சிமீற்றர். வென்ரிலேற்றரோடு, காபனீரொட்சைட்டை அலைவரியாகக் காட்டும் கப்னோகிராப் உள்ள விசேட பராமரிப்புப் பிரிவு என்றால் அதையே தொடருங்கள்.

நாலாவது கேள்விக்கு விடை: வேண்டாம். கழுவினால் காட்டிச் சாயம் கரையும், கடதாசி பாழாகும். காய்ந்தபின் ஊதாவாகவே தெரிந்தாலும் அதன் நிற எல்லைகள் எங்கே நகர்ந்திருக்கும் என்று எவராலும் சொல்ல முடியாது. மற்றக் குழந்தையின் கிருமியும் அதோடு போகும். ஒரு குழந்தைக்கு ஒன்று. பெடி-கப் வகையை இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் பாவிப்பதற்கும் அனுமதி இல்லை. கஞ்சத்தனம் காட்ட வேண்டிய இடம் வேறு. காலாவதித் திகதி கிட்ட வருவதை முன்னுக்கு எடுத்து வையுங்கள். ஒவ்வொரு மூச்சுக் கொடுக்கும் மேசையிலும் ஒன்று, சத்திரசிகிச்சைக் கூடத்தில் ஒன்று, அம்புலன்ஸ் பையில் ஒன்று என்று இடம் குறித்து, மிச்சத்தைப் பூட்டி வையுங்கள்.

பொதியைத் தேவை வரும்வரை திறக்க வேண்டாம். முன்கூட்டியே திறந்து மேசையில் வைத்தால் ஆபத்து நேரத்தில் கெதியாக எடுக்கலாம் என்று சிலர் நினைப்பார்கள். கிழிக்க இரண்டு செக்கன்தான், ஆனால் திறந்து கிடக்கும் கடதாசி நம் ஐப்பசி கார்த்திகை மாரி ஈரத்தைக் குடித்துவிடும். சூடு கொடுக்கும் விளக்கின் மேல்தட்டில் வைப்பதும் பிழை. திறந்தவுடன் நிறம் பட்டையில் உள்ள ஊதாவோடு ஒத்திருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் அதை ஒதுக்கிவிட்டு அடுத்ததை எடுங்கள். வேலை செய்கிறதா என்று வாயால் ஊதிப் பார்க்க வேண்டாம். உங்கள் மூச்சின் ஈரமும் கிருமியும் குழந்தைக்கு முன்னால் போய்ச் சேரும். காலாவதியானவற்றை எறியாமல் பயிற்சிக்கு வையுங்கள். பொம்மையில் மூச்சுக் கொடுக்கும்போது நிறம் மாறாது. ஆனால் பயிற்றுவிப்பவர் தன் மூச்சை அதன் வழியே விட்டுக் காட்டினால் மஞ்சள் எப்படி வந்து எப்படிப் போகும் என்று எல்லோருக்கும் கண்ணில் பதியும்.

வெளிச்சம் பற்றி எழுதுவது சின்ன விடயமாகத் தெரியலாம், ஆனால் பெரிய பிழை அங்கிருந்து வரும். மஞ்சட்காமாலைக்கு வைக்கும் நீல விளக்குக்குக் கீழே ஊதாவும் மஞ்சளும் தம் நிறத்தை இழந்துவிடும். மின்சாரம் நின்று கைவிளக்கின் மஞ்சள் ஒளியில் பார்ப்பதும் அப்படியே. வெள்ளை ஒளி தரும் சின்ன ரோச் ஒன்று மேசையிலேயே இருக்கட்டும்.

இன்னொன்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் குடாநாட்டில் வேலை செய்யும் எவருக்கும் தேவை. ரியூப் போட்ட குழந்தையைப் பெரிய வைத்தியசாலைக்கு அனுப்பும் நேரம். நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவான்வரை கடல், அதன்பிறகு தரை. பருத்தித்துறையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு வருவதென்றாலும் கட்டில், தள்ளுவண்டி, அம்புலன்ஸ், திரும்பத் தள்ளுவண்டி என்று நாலு தடவை கைமாறும். ஒவ்வொரு கைமாற்றிலும் ரியூப் நழுவலாம். ரியூப்பின் முனை நாடியைப் பின்தொடரும்: தலை குனிந்தால் உள்ளே போகும், தலை அண்ணாந்தால் வெளியே வரும். சில மில்லிமீற்றர் போதும். ஆகவே தலையை இரு பக்கமும் சுருட்டிய துணியால் நடுநிலையில் நிறுத்தி, உதட்டில் உள்ள குறி இலக்கத்தை மாற்றல் கடிதத்தில் எழுதுங்கள். டிடெக்டரை வழி முழுக்கப் பூட்டி வைக்க வேண்டாம், ஈரமாகிவிடும். திறக்காத ஒன்றைப் பையின் மேலறையில் வைத்திருங்கள். வழியில் குழந்தையின் ஒட்சிசன் இறங்கினாலோ துடிப்புக் குறைந்தாலோ உடனே திறந்து பூட்டுங்கள். மஞ்சள் மாறிமாறி வந்தால் ரியூப் இடத்தில்தான் இருக்கிறது, அடைப்பையும் ஒட்சிசன் சிலிண்டரையும் நெஞ்சுக்குள் காற்றுக் கசிந்ததையும் தேடலாம். ஊதா என்றால் ஓடும் வண்டியில் லறிஞ்சஸ்கோப்போடு போராட வேண்டாம், கழற்றிவிட்டு மாஸ்க். அதற்கு மாஸ்க் பையின் அடியில் கிடக்கக் கூடாது, டிடெக்டரோடு சேர்த்தே இருக்க வேண்டும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். 19ஆம் நூற்றாண்டிலேயே மானிப்பாயில் மருத்துவர் சாமுவேல் கிறீன் தமிழில் மருத்துவம் கற்பித்த மண் இது. உங்கள் மேசைக்கு மேலே சுவரில் பெரிய எழுத்தில், தமிழிலேயே நாலு வரி எழுதி ஒட்டுங்கள். இரவு மூன்று மணிக்கு வாக்குவாதம் வரும்போது எல்லோரும் நிமிர்ந்து பார்க்க அது இருக்கட்டும்:

ரியூப்பில் ஊதா, துடிப்பு உண்டு: கழற்று, மாஸ்க் கொடு.
ரியூப்பில் ஊதா, துடிப்பு இல்லை: லறிஞ்சஸ்கோப்பால் பார்.
மாஸ்க்கில் ஊதா, துடிப்பு ஏறவில்லை: மாஸ்க், தலை, வாய், அழுத்தம்.
மாறாத மஞ்சள்: புதியதைப் பூட்டு.